ஓய்வுகாலப் பணப்பயன் வரிவிலக்கு (இந்தியா)

ஓய்வுகாலப் பணப்பயன் வரிவிலக்கு என்பது பணி நிறைவில் ஊழியர் பெறும் பணிக்கொடை, ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பெறும் தொகை ஆகியவற்றுக்கு வருமான வரிச் சட்டம் அளிக்கும் விலக்காகும். வேலை தருபவர் அரசா, பிறரா என்பதைப் பொறுத்து இதன் அளவு மாறுகிறது. மத்திய, மாநில அரசு ஊழியர் ஓய்வின்போது பெறும் இவ்விரு தொகைகளுக்கும் முழு விலக்கு உண்டு. பிறருக்கு உச்சவரம்பு உண்டு. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வகுத்த முறைப்படி ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிடப்படுவதால், கடைசி மாதத்தில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியுமாக 52,000 ரூபாய் பெற்று 30 ஆண்டு பணிபுரிந்தவருக்கு 9 லட்சம் ரூபாய் சேர்கிறது. 2018 முதல் வரம்பு 20 லட்சம் என்பதால் இத்தொகைக்கு வரியில்லை. விடுப்புத் தொகைக்கான வரம்பு நெடுங்காலம் 3 லட்சமாகவே தேங்கியிருந்து, அரசு ஊதியங்கள் பலமுறை திருத்தப்பட்ட பின்னரே, 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சமாக உயர்ந்தது. பொதுத்துறை வங்கிகள், நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்கள், அந்நிறுவனங்கள் அரசுக்கே உரியவையாயினும், இவ்விலக்கைப் பொறுத்தவரை தனியார் துறையினருடனேயே வைத்து எண்ணப்படுகின்றனர். பணியில் இருக்கும்போதே விடுப்பை ஒப்படைத்துப் பெறும் தொகை இரு தரப்பினருக்கும் வரிக்குரியது.