கதிரையின் அடிப்பக்கம்



இம்மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கதிரை. அதிலும் கைபிடி இல்லாத, மேசையோடும் சுவரோடும் போடுகின்ற பழைய மரக் கதிரை. இலண்டனுக்கு வந்த புதிதில் எங்களில் பலர் வாங்கிய தளபாடங்கள் தொண்டு நிறுவனக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் எடுத்தவைதான். அன்று மலிவுக்காக வாங்கினோம். இன்று எங்கள் பிள்ளைகள் சொந்த வீடு வாங்கிய பின் அதே பழைய கதிரைகளை அழகுக்காகத் தேடிப் போகிறார்கள். ஒரு கதிரையின் வயதையும் தரத்தையும் எப்படி அறிவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் ஒரு வரலாற்றைத்தான் சொல்வேன். அது இலண்டனின் மேற்கே ருவிக்கனத்தில் நடந்தது. ஆனால் அதன் தொடக்கம் வங்காள விரிகுடாவின் கரையில்.

18ஆம் நூற்றாண்டில் ருவிக்கனத்தில் ஹொறஸ் வோல்போல் என்ற பிரபு வாழ்ந்தார். இங்கிலாந்தின் முதற் பிரதமர் எனப்படும் றொபேட் வோல்போலின் மகன். தேமிஸ் நதிக்கு அருகே ஸ்ரோபெரி ஹில் என்ற சிறு கோட்டை போன்ற வீட்டைக் கட்டி, அதைப் பழைய ஆங்கிலப் பொருட்களால் நிரப்ப ஆசைப்பட்டார். அப்படித் தேடியபோது அவர் மனதைக் கவர்ந்தவை கன்னங்கரிய கருங்காலிக் கதிரைகள். திருகு திருகாகக் கடைந்த கால்கள், முதுகுச் சட்டம் முழுவதும் பூவும் கொடியுமாகச் செதுக்கு வேலை, பிரம்பு பின்னிய இருக்கை. 1763 இல் இவற்றை வாங்குவதற்காகவே அவர் ஹன்ரிங்டன்ஷயரில் நடந்த ஒரு வீட்டு ஏலத்துக்குப் பயணம் செய்தார்.

இவை ரியூடர் மன்னர் காலத்து ஆங்கிலக் கதிரைகள் என்று வோல்போல் உறுதியாக நம்பினார். அதற்கு அவருக்கு ஒரு காரணமும் இருந்தது. எட்டாம் ஹென்றியின் அமைச்சராக இருந்த கர்தினால் வூல்சி ஒரு காலத்தில் தங்கிய ஈஷர் மாளிகையில் இதே மாதிரிக் கதிரைகள் இருந்தன. வூல்சியின் வீட்டில் இருப்பதால் அவை வூல்சியின் கதிரைகள் என்று கணக்கு முடிந்துவிட்டது. வோல்போல் பெரிய எழுத்தாளர், பலரும் மதித்த இரசிகர். அவர் சொன்னதை மற்றவர்களும் ஏற்றார்கள். பின்னர் பல ஆங்கிலச் சீமான்கள் தங்கள் மாளிகைகளுக்குப் பழமை சேர்க்க இத்தகைய கதிரைகளையே தேடி வாங்கினார்கள்.

உண்மை வேறு. அக்கதிரைகள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிச் செய்யப்பட்டவை. வூல்சி இறந்தது 1530 இல். அதற்கு நூறு வருடங்களுக்கு மேல் பிந்தியவை. செய்யப்பட்ட இடமும் இங்கிலாந்து அல்ல, சோழமண்டலக் கரை. ஐரோப்பியர் கொறமண்டல் என்று எழுதிய அதே கரை. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அங்கே துணி வாங்க வந்து பண்டசாலை அமைத்த காலத்தில், அந்தக் கரையின் தச்சர்கள் அவர்களுக்காக இவற்றைச் செய்தார்கள். கருங்காலி தென்னிந்தியாவிலும் இலங்கையின் வறண்ட காடுகளிலும் வளரும் மரம். இன்று தென் கென்சிங்ரனில் உள்ள விக்ரோறியா அன்ட் அல்பேட் அருங்காட்சியகத்துக்குப் போனால், இத்தகைய கதிரைகளுக்குக் கொறமண்டல் கரை என்றே குறிப்பு எழுதியிருப்பதைக் காணலாம். ஸ்ரோபெரி ஹில் வீட்டின் பொருட்கள் 1842 இல் ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறிவிட்டன. வீடு திருத்தப்பட்டு 2010 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கதிரை எங்கள் மரபில் பிறந்த பொருள் அல்ல. நாங்கள் பாயிலும் திண்ணையிலும் இருந்தவர்கள். கதிரை என்ற சொல்லே போர்த்துக்கேயரின் கதெய்றா. மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் அவர்களுடைய மொழியிலிருந்து வந்தவைதான். பழக்கமில்லாத ஒரு வடிவத்தைக் கண்டு, அதைத் தங்கள் உளியாலும் கடைசலாலும் தங்கள் பூக்களாலும் வேறொன்றாக மாற்றிய கைகள் அந்தத் தச்சர்களுடையவை. அந்தக் கைகளுக்குரியவரின் பெயர் ஒன்றுகூடக் கதிரைகளில் இல்லை. அவர்கள் செய்த பொருள் நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கில மன்னர் ஒருவரின் காலத்துப் பெயரோடு வாழ்ந்தது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் வன்முறைக்குத் தப்பி வந்த யூதர்கள் பலர் கிழக்கு இலண்டனில் குடியேறித் தளபாடத் தொழிலில் இறங்கினார்கள். ஷோர்டிச், பெத்னல் கிறீன் பகுதிகளின் சிறு பட்டறைகளில் செய்யப்பட்ட கதிரைகள் மேற்கு இலண்டனின் பெரிய கடைகளின் பெயரில் விலைப்பட்டன. அகதிகள் செய்ததை வாங்கியவர் அறியவில்லை. அந்தப் பகுதியில், கிங்ஸ்லன்ட் வீதியில் இருக்கும் மியூசியம் ஒவ் த ஹோம் என்ற வீட்டு அருங்காட்சியகத்தில் நானூறு வருட இலண்டன் வீடுகளின் அறைகளையும் கதிரைகளையும் பார்க்கலாம். அனுமதி இலவசம். வாங்குமுன் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், கண் பழகும்.

சரி, கடைக்குப் போனால் என்ன செய்வது? வோல்போல் கதிரை நின்ற வீட்டைப் பார்த்தார். நீங்கள் கதிரையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தச்சர் விட்ட இடம் அதுதான். கையால் அறுத்த பலகையில் வாள் தடம் நேராகவும் சற்று ஒழுங்கின்றியும் இருக்கும். வட்டவாளின் தடம் வளைவாக இருக்கும்; அது 19ஆம் நூற்றாண்டுக்கு முந்திய பலகையாக இருப்பது அரிது. பழைய பொருத்தில் துளைக்குள் மரமுளையைச் செருகி மரஆணி அறைந்திருப்பார்கள். குறுக்குத் தலை உள்ள நவீனத் திருகாணியைக் கண்டால், கதிரையே புதியது அல்லது பின்னர் பழுது பார்த்தது.

கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்காலியும் அல்ல. சாதாரண மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி விற்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். அடியில் தேய்ந்த இடத்தில் வெளிறிய மரம் தெரிந்தால் அது சாயம். கருங்காலி நீரில் தாழும் அளவுக்குப் பாரமானது, தூக்கும்போதே தெரியும். சிறு துளைகளையும் பாருங்கள். துளைக்குக் கீழே புதிய மரத்தூள் கொட்டியிருந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிரம்பு அறுந்திருந்தால் பயப்படவேண்டாம், திரும்பப் பின்னலாம். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். நான்கு காலும் நிலத்தில் படிகிறதா என்று ஆட்டிப் பார்த்து, இருந்தும் பாருங்கள்.

சட்டம் பற்றியும் இரண்டு சொல். மெத்தை தைத்த கதிரைகளுக்கு 1988 ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு விதிகள் உண்டு. 1950க்கு முன் செய்தவற்றுக்கு விலக்கு இருக்கிறது. தந்தம் பதித்த கதிரை என்றால் 2018 ஆம் ஆண்டின் தந்தச் சட்டத்தைக் கேட்டு அறியுங்கள். அது 2022 யூனில் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக, 1947 மார்ச் 3க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் பத்து வீதத்துக்குக் குறைவாக உள்ள பொருளைப் பதிவு செய்த பின்னரே விற்கலாம்.

எங்கள் ஊர்க் கதிரைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓடாவியார் முற்றத்தில் இருந்து செய்த கதிரைகள், பாட்டனாரின் சாய்மனைக் கதிரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் நடந்தது. அவற்றின் படம்கூடப் பல குடும்பங்களிடம் இல்லை. பெருமையை மட்டும் சொல்லி முடிக்கவும் கூடாது. யாழ்ப்பாணத்தில் கதிரையும் வாங்கும் எல்லோருக்கும் கிடைத்த இருக்கைகள் அல்ல. பாடசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருக்கவேண்டும் என்ற சம ஆசன முயற்சி வந்தபோது, 1930 அளவில் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. கதிரை செய்தவருக்கே அதில் இருக்க இடம் கொடுக்காத வீடுகளும் இருந்தன. பிள்ளைகள் இதையும் அறியட்டும்.

ஆகவே நேயர்களே, ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கதிரையின் அடியில் ஒரு கடதாசி ஒட்டுங்கள். எங்கே, எந்த வருடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள், அப்போது வீட்டில் யார் யார் இருந்தீர்கள் என்று தமிழில் எழுதுங்கள். ஊரில் விட்டு வந்த கதிரையைச் செய்த ஓடாவியாரின் பெயர் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால், அதையும் கேட்டு எழுதி வையுங்கள். பெயர் எழுதாத பொருளுக்குப் பிற்காலத்தில் வேறு யாராவது பெயர் வைப்பார்கள்.