சொத்தையை நிறுத்திய கருப்பு

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் தேர்தல் நாளன்று ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களின் இடது ஆள்காட்டி விரலில் ஊதா நிற மைக்கோடு இருக்கும். வெயில் பட்டதும் அது கருத்துவிடும்; எந்த சோப்புக்கும் அசையாது. 1962 பொதுத்தேர்தலில் தொடங்கி மைசூரில் தயாராகிவரும் அந்த மையின் உயிர் சில்வர் நைட்ரேட். வெளிச்சம் பட்டால் அதிலுள்ள வெள்ளி கருப்பாகப் படிந்துவிடும். நகம் வளர வளரக் கோடும் நுனிக்கு நகர்ந்து, ஒருநாள் வெட்டுப்பட்டுப் போகும். பல்லின் எனாமலோ வளர்வதில்லை. அதே வெள்ளியைச் சொத்தைக்குப் பூசிய பல் மருத்துவர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் போராடிவருவது இந்த ஒரு வேறுபாட்டோடுதான்.

1917-ல் பாஸ்டன் நகரில் பெர்சி ஹோவ் என்ற பல் மருத்துவர், அமோனியா கலந்த சில்வர் நைட்ரேட்டைச் சொத்தைப் பற்களுக்குப் பூசும் முறையை வெளியிட்டார். 'ஹோவ் கரைசல்' என்றே அதற்குப் பெயராயிற்று. மருந்து தொட்ட சொத்தை கரியாகக் கருத்தது. 1950-களில் அமெரிக்காவில் பரவிய ஸ்டானஸ் ஃப்ளோரைடும் கறையிலிருந்து தப்பவில்லை; எனாமலில் சொத்தை தொடங்கும் இடங்களை அது பழுப்பாக்கியது.

அடுத்த பெரிய முன்னேற்றம் ஜப்பானில் நடந்தது. அந்த நாட்டில் மணமான பெண்கள் பல்லைக் கருப்பாக்கிக்கொள்வது நெடுங்கால வழக்கம். 'ஒஹாகுரோ' என்பார்கள். இரும்பை ஊறவைத்த புளித்த நீரும், துவர்ப்பு மிகுந்த ஒரு பொடியும்தான் சாயம். நம் வீடுகளில் குழந்தைக்கு உரைமருந்தாக உரசும் மாசிக்காயின் துவர்ப்பே அந்தப் பொடியிலும். 1870-ல் அரசு பிரபுக் குடும்பங்களுக்கு அந்த வழக்கத்தைத் தடைசெய்தது. 1873-ல் பேரரசியே வெள்ளைப் பல்லோடு மக்கள்முன் வந்தார். அப்படிக் கருப்பைக் கைவிட்ட நாட்டில், ஏறத்தாழ நூறாண்டு கழித்து, ஒசாகா பல்கலைக்கழகத்தின் யமாகாவும் நிஷினோவும் வெள்ளியையும் ஃப்ளோரைடையும் சேர்த்து சில்வர் டையமின் ஃப்ளோரைடை உருவாக்கினார்கள்.

பூசுவது எளிது. உதட்டில் வாசலின் தடவி, பல்லைப் பஞ்சால் உலர்த்தி, நுண்ணிய தூரிகையால் ஒரு சொட்டைச் சொத்தையில் தொட்டு, ஒரு நிமிடம் போல விட்டால் போதும். ஊசி இல்லை, துளைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் இல்லை. 38 சதவீதக் கரைசலில் ஃப்ளோரைடு பத்து லட்சத்தில் 44,800 பங்கு. சாதாரணப் பற்பசையில் ஆயிரத்தை ஒட்டித்தான். 2016-ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, பால்பற்களில் நூற்றுக்கு எண்பது சொத்தைகள் நின்றுபோனதாகத் தெரிந்தது. 2021-ல் உலகச் சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இதிலும் வெள்ளி கருப்பாகப் படியும்; ஆனால் நல்ல எனாமல் கருப்பதில்லை. அரித்த இடம் மட்டுமே கருக்கிறது.

அந்தக் கருப்பை வெளுக்கவைக்கும் முயற்சிகளும் கூடவே நடந்தன. டீ, காபிக் கறைக்கு உதவும் பெராக்சைடு ஜெல், பல்லுக்குள் படிந்த உலோகத்திடம் எளிதில் செல்லாது. ஆஸ்திரேலியாவில் வெள்ளி மருந்தைப் பூசிய கையோடு பொட்டாசியம் அயோடைடையும் பூசிப் பார்த்தார்கள். வெள்ளி, அயோடினோடு சேர்ந்து வெளிர்மஞ்சளாகப் படிந்தது; ஆனால் மாதங்கள் போகப் போகச் சில பற்கள் மறுபடி கருத்தன. கருத்த பல்லின்மேல் பல்நிறத்துக் கிளாஸ் அயனோமர் சிமெண்டை அடைத்து மறைப்பது இன்றும் கைகொடுக்கும் வழி. சொத்தை வெண்புள்ளியாகவே இருக்கும் கட்டத்துக்கு ஜெர்மனியிலிருந்து 2009-ல் வேறொரு முறை வந்தது. அமிலத்தால் மேற்பரப்பைத் திறந்து, நீர்போன்ற பிசினை உள்ளே ஊறவைக்கிறார்கள். கருப்பே வருவதில்லை, புள்ளியும் மங்கிவிடுகிறது. விலைதான் கூடுதல்.

கல்வராயன் மலைக் கிராமத்திலிருந்து ஒரு பிள்ளையைப் பல் மருத்துவரிடம் கூட்டிவர ஒருநாள் கூலி போகும், பேருந்துச் செலவு வேறு. மூன்று நான்கு முறை வரச்சொல்லும் சிகிச்சை அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. அங்கே இந்தச் சொட்டு மருந்து பெரிய துணை. ஆறேழு வயதில் விழத்தொடங்கும் பால்பல்லோடு கறையும் போய்விடும். வயதுக்கு வந்த பெண்ணின் முன்பல் வேறு கதை. அங்கே நிறம் சிரிப்பை மட்டுமல்ல, பெண் பார்க்க வருகிறவர்களின் பேச்சையும் தொடும். ஆகவே மருந்து பூசுமுன் கருத்த பல்லின் படத்தைக் காட்டி, இப்படித்தான் ஆகும், இதை இப்படி மறைக்கலாம் என்று தமிழில் விளக்கி, பெற்றோரும் பெண்ணும் சம்மதித்த பிறகே தூரிகையை எடுக்க வேண்டும். பல நாடுகளில் இதற்கென்றே படத்தோடு கூடிய சம்மதப் படிவம் இருக்கிறது.