கஞ்சன்ஜங்கா மலை

கஞ்சன்ஜங்கா மலை உலகின் மூன்றாவது உயரமான மலை ஆகும். 8,586 மீட்டர் உயரமுடைய இம்மலை, இமயமலைத் தொடரில் நேபாளத்தின் கிழக்குப் பகுதியும் இந்தியாவின் சிக்கிம் மாநிலமும் சந்திக்கும் எல்லையில் அமைந்துள்ளது. கஞ்சன்சங்கா, கஞ்சன்சுங்கா எனவும் எழுதப்படுவதுண்டு. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில ஆண்டுகள் இதுவே உலகின் மிக உயர்ந்த மலை எனக் கருதப்பட்டது. எவரெஸ்ட் இதனினும் உயர்ந்தது என்பது 1856 இல் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

பெயர்

பெயரின் ஒலியைக் கேட்போர் இதனைப் பொன் எனப் பொருள்படும் 'காஞ்சனம்' என்ற வடசொல்லுடனோ கங்கை ஆற்றுடனோ தொடர்புபடுத்துவதுண்டு. இது சரியன்று. இப்பெயர் திபெத்திய மொழிச் சொற்களால் ஆனது. 'காங்' என்பது பனி, 'சென்' என்பது பெரிய, 'ட்சோ' என்பது கருவூலம், 'ங்கா' என்பது ஐந்து. எனவே 'பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள்' என்று பொருள் கொள்ளலாம். ஐந்து என்பது இம்மலையின் ஐந்து சிகரங்களைக் குறிக்கும். அவற்றுள் நான்கு 8,450 மீட்டருக்கும் மேற்பட்டவை. கருவூலங்களில் உள்ளவை பொன், வெள்ளி, மணிகள், தானியம், புனித நூல்கள் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இப்பட்டியல் இடத்துக்கு இடம் சற்று மாறுபடும்.

சிக்கிம் மக்களுக்கு இம்மலை வெறும் நில அடையாளம் அன்று. அவர்களது நாட்டைக் காக்கும் தெய்வத்தின் உறைவிடம் ஆகும். ஆண்டுதோறும் கொண்டாடப்படும் பாங் லாப்சோல் விழாவில் இத்தெய்வம் வழிபடப்படுகிறது.

ஏறிய வரலாறு

1899 இல் ஆங்கிலேயரான டக்ளஸ் பிரெஷ்ஃபீல்டு தலைமையிலான குழுவினர் மலையைச் சுற்றி வந்தனர். 1905 இல் ஏற முயன்ற முதற் குழுவில் பனிச்சரிவில் சிக்கி நால்வர் இறந்தனர். அவர்களுள் மூவர் சுமை தூக்குவோர். 1929, 1931 ஆகிய ஆண்டுகளில் பவுல் பவுவர் தலைமையில் வந்த செருமானியக் குழுக்கள் 7,000 மீட்டருக்கு மேல் சென்றும் உச்சியை அடையவில்லை.

1955 இல் சார்லஸ் எவான்ஸ் தலைமையில் பிரித்தானியக் குழு நேபாளப் பக்கமுள்ள யாலுங் பனியாற்றின் வழியாக ஏறியது. தெய்வம் உறையும் உச்சியில் மனிதர் கால் படலாகாது என்று சிக்கிம் கேட்டுக்கொண்டது. அக்குழு செல்லவிருந்தது நேபாளத்தின் வழியே என்பதால் இதனை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை எனலாம். ஆயினும் எவான்ஸ் உச்சியை மிதிப்பதில்லை என உறுதியளித்தார். மே 25 அன்று ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் ஆகியோர் உச்சிக்கு அருகிலிருந்த பாறை வெடிப்பு ஒன்றில் ஏறியபோது, பனி மூடிய உச்சி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் மேலே, எட்டும் தொலைவில் இருந்தது. அவர்கள் அங்கேயே நின்று திரும்பினர். மறுநாள் ஏறிய நார்மன் ஹார்டி, டோனி ஸ்ட்ரீதர் ஆகியோரும் அவ்வாறே செய்தனர். உச்சியைத் தொடாத போதிலும் மலையேற்ற வரலாற்றில் இதுவே முதல் ஏற்றமாகக் கொள்ளப்படுகிறது.

இரண்டாவது ஏற்றம் 22 ஆண்டுகளுக்குப் பின்னரே நிகழ்ந்தது. 1977 இல் கர்னல் நரேந்திர குமார் தலைமையிலான இந்தியப் படையினர் சிக்கிம் பக்கமிருந்து, அதுவரை எவரும் வெற்றி காணாத வடகிழக்கு முகட்டின் வழியாக ஏறினர். 1979 இல் டக் ஸ்காட் உள்ளிட்ட மூவர் செயற்கை ஆக்சிசன் இன்றி ஏறினர். அவர்களும் உச்சியைத் தொடவில்லை. குளிர்காலத்தில் முதன்முதலாக 1986 இல் போலந்து நாட்டவர் இருவர் ஏறினர். உச்சியை அடைந்த முதற் பெண் ஜினெட் ஹாரிசன் (1998).

பிற்காலத்தில் ஏறிய அனைவரும் இவ்வழக்கத்தைப் பின்பற்றினர் என்று கூற இயலாது. சிக்கிம் பக்கமிருந்து ஏறுவதற்கு அம்மாநில அரசு 2001 இல் தடை விதித்தது. ஆகவே அதன் பின்னர் ஏறுவோர் நேபாளத்தின் வழியாகவே செல்கின்றனர்.

இயற்கைச் சூழல்

கிழக்குப் பக்கத்திலுள்ள செமு பனியாறு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமானது. இதன் உருகுநீர் தீஸ்தா ஆற்றைச் சேர்கிறது. சிக்கிமில் உள்ள கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா 1,220 மீட்டரில் தொடங்கி மலையுச்சி வரை பரந்துள்ளது. ஆகவே அடர்ந்த காடு, ரோடோடென்ட்ரான் புதர்கள், புல்வெளி, நிலைபனி என அனைத்தையும் ஒரே பூங்காவில் காணலாம். பனிச்சிறுத்தை, சிவப்புப் பாண்டா, இமயமலைக் கருங்கரடி ஆகியன இங்கு வாழ்கின்றன. 2016 இல் யுனெசுகோ இப்பூங்காவை உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது. இயற்கை, பண்பாடு ஆகிய இரு காரணங்களுக்காகவும் இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்ட முதற் களம் இதுவாகும். நேபாளப் பகுதி 1997 முதல் கஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதியாக உள்ளது.

வானம் தெளிவாக உள்ள நாட்களில் டார்ஜிலிங் நகரிலிருந்தும் அருகிலுள்ள டைகர் மலையிலிருந்தும் இம்மலையைக் காணலாம்.