வேங்கைவயலை ஆராயப் பணம் இல்லை

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த மாதம் பதினொன்றரை பவுண்டில்தான் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்தார். சும்மா இல்லை, திரும்பி வந்து பத்தாண்டு பரோடாவில் வேலை பார்க்க ஒப்பந்தம். 1916 மே மாதம் அங்கே சாதியின் தோற்றம் குறித்து ஆய்வுரை வாசித்தார். 1917இல் உதவித்தொகை முடிய, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தார். பம்பாயில் பேராசிரியராகி மிச்சம் பிடித்த சம்பளம், சாகு மகாராஜா உதவி, நண்பரிடம் கடன் என்று சேர்த்து 1920இல் மறுபடி கப்பலேறினார்.

இன்று நம் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022இல் அதில் ஒரு விதியை நுழைத்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்குத் தொகை கிடையாது. அதே ஆண்டு டிசம்பரில்தான் புதுக்கோட்டை வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். அதை ஆராய வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைக்கு இந்த விதிப்படி வழியில்லை. அம்பேத்கரின் 1916 தலைப்புக்கும் இல்லை.