சிகிரியா: பதினெட்டு ஆண்டு அரண்மனையும் பார்வையாளர் எழுத்தும்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், தம்புள்ளைக்கு அணித்தாக உயர்ந்து நிற்கும் சிகிரியாக் குன்று ஓர் அரசனின் உறைவிடமாக விளங்கிய காலம் 18 ஆண்டுகளே. அதனைப் பார்க்க வந்தோரின் வரலாறோ பல நூற்றாண்டுகளைக் கொண்டது. ஆயினும் சிகிரியா பற்றிய நூல்கள் முதலாம் காசியப்பனின் வரலாற்றையே விரித்துரைக்கின்றன.

அவ்வரலாறு சூளவம்சத்தின் வழியாக நமக்குக் கிடைப்பது. கலாவெவக் குளத்தைக் கட்டுவித்த தாதுசேனன், தன் செல்வம் யாதென வினவியோருக்கு அக்குளத்து நீரையே கையில் அள்ளிக் காட்டினான் என்றும், பின்னர் காசியப்பன் ஆட்சியில் உயிருடன் சுவரினுள் வைத்துப் பூசப்பட்டான் என்றும் அந்நூல் கூறும். தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றான். அவனுக்கு அஞ்சிய காசியப்பன் கி.பி. 477 அளவில் இக்குன்றில் அரண்மனை அமைத்தான். 495 இல் முகலன் திரும்பி வந்தபோது, சதுப்பு நிலத்தைத் தவிர்க்க அண்ணன் தன் யானையைத் திருப்ப, அதனைப் பின்வாங்கலெனக் கருதிய படை சிதறியது. அரசன் தன் கழுத்தைத் தானே அறுத்து மாண்டான். நிகழ்ச்சிகளுக்குப் பல நூற்றாண்டுகளின் பின், துறவியர் மரபில் எழுந்த நூல் இது என்பதை வாசகர் மறந்துவிடலாகாது.

முகலன் தலைநகரை அனுராதபுரத்துக்கு மீண்டும் மாற்றிக் குன்றைத் துறவியருக்கு அளித்தான். இங்குள்ள குகைகளிற் சிலவற்றில் கிறித்துவுக்கு முற்பட்ட பிராமிச் சாசனங்கள் காணப்படுதலின், துறவியர் இங்கு வாழ்ந்தமை காசியப்பனுக்கும் முந்தியதாகும். இது அரண்மனையே அன்று, மடமே என வாதிட்ட அறிஞரும் உளர். குபேரனின் அளகாபுரியை மண்ணிற் காணும் முயற்சி என்பது பரணவிதானவின் கருத்து. குன்றின் அடியிலுள்ள நீர்ப்பூங்காவின் ஒழுங்கையும், மழைக்காலத்தில் இன்றும் நீர் பீறிடும் ஊற்றுகளையும் நோக்குமிடத்து, துறவியர் வாழ்வுக்கு இத்துணை ஆடம்பரம் வேண்டியிருந்ததா என்ற ஐயம் எழுவது இயல்பே.

அரண்மனையின் மேற்றளத்தில் எஞ்சியிருப்பவை செங்கல் அடித்தளங்களும் பாறையிற் குடைந்த குளமுமே. வாயிலில் அமைந்த சிங்கத்தின் பாதங்கள் மட்டும் தப்பின. ஆனால் மேற்குப் பக்கத்தில், ஓவியப் பெண்களுக்குக் கீழே செல்லும் வழியை ஒட்டி எழுந்த கண்ணாடிச் சுவரின் மெருகேறிய சுண்ணச் சாந்தில், வந்தோர் கவி எழுதிச் சென்றனர். பரணவிதான 1956 இல் வெளியிட்ட தொகுதியில் மட்டும் 685 பாடல்கள் உள்ளன. பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையானவை. அரசு அலுவலர், பிக்குகள், பெண்கள் எனப் பலதிறத்தாரும் தம் பெயரையும் பலர் தம் ஊரையும் குறித்துள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர் காசியப்பனைப் பாடவில்லை. சுவரோவியப் பெண்களின் பேசா வாயையும், அசையாத பார்வையையுமே பாடினர். அப்பெண்களை இறந்த அரசனின் துணைவியராகக் கற்பனை செய்து இரங்கியோரும் உளர். பிற்காலத்தார் கதை புனையும் முறை இச்சுவரிலேயே தொடங்கிவிட்டது எனலாம். சிங்களக் கவிதையின் தொன்மையை அறிய இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

1831 இல் இக்குன்றைக் கண்ட மேஜர் ஃபோர்ப்ஸின் குறிப்பினாலும், 1890 களில் எச்.சி.பி. பெல் தொடங்கிய அகழ்வாய்வினாலும் சிகிரியா மீண்டும் வெளியுலகக் கவனத்தைப் பெற்றது. 1967 இல் சிலர் ஓவியங்கள் மீது வண்ணம் பூசிப் பாழ்படுத்தினர். இத்தாலிய நிபுணர் லூசியானோ மராஞ்சி அவற்றைச் சீர்செய்தார். 1982 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

2015 இல் இக்கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறிய இளம்பெண் ஒருத்திக்கு நீதிமன்றம் ஈராண்டுச் சிறை விதித்தது. பழைய எழுத்துகளுக்கு மேல் புதிய எழுத்துகள் விழுமாயின், பாடல்களே மறையும் என்பதால் தடை நியாயமானதே. எனினும் ஈராண்டு மிகையெனப் பலர் முறையிட்டனர். அதே ஆண்டில் ஜனாதிபதி அவளுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார்.