வீட்டுக் கறவை வெள்ளாடு: தேர்வும் கொட்டிலும்

வீட்டுப் பால் தேவைக்காக இரண்டு மூன்று பெட்டை வெள்ளாடுகளைக் கொல்லையிலேயே வைத்துத் தீனி போட்டு வளர்ப்பது வீட்டுக் கறவை வெள்ளாடு வளர்ப்பு எனப்படும். மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்று கறிக்காக வளர்க்கும் மந்தை முறைக்கும் இதற்கும் ஆட்டின் தேர்விலிருந்து கொட்டிலின் அமைப்புவரை வேறுபாடு உண்டு. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய 14.9 கோடி வெள்ளாடுகள் இருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 99 லட்சம். ஆயினும் நாட்டின் மொத்தப் பால் உற்பத்தியில் ஆட்டுப்பாலின் பங்கு மூன்று சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. தமிழ்நாட்டு ஆடுகளில் பெரும்பாலானவை கறிக்காக வளர்க்கப்படுபவை. பாலுக்கென்று முதன்முறை ஆடு வாங்குகிறவர் இதை மனத்தில் வைத்துத்தான் தேடலைத் தொடங்க வேண்டும்.

இனத் தேர்வு

தமிழ்நாட்டுக்கே உரிய இனங்கள் மூன்று. முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு இறங்கும் கன்னி ஆடு திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பகுதிகளைச் சேர்ந்தது. உயரமான கொடி ஆடு தூத்துக்குடி, இராமநாதபுரம் கரிசல், கடலோரப் பகுதிகளுக்கு உரியது. சேலம் கருப்பு சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தது. மூன்றும் வறட்சியைத் தாங்கும். கன்னி ஆடு இரட்டைக் குட்டி ஈனுவதில் பேர்பெற்றது. ஆனால் குட்டிகள் குடித்தது போக மடியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பாலை முதன்மையாகக் கருதுபவருக்கு இவை ஏற்றவை அல்ல.

வீட்டுக் கறவைக்கு மிகப் பொருத்தமான சிறிய இனம் பார்பரி. இதன் பெயர் சோமாலியாவின் பெர்பெரா துறைமுகத்தை ஒட்டியது என்பர். ஆக்ரா, மதுரா, எட்டாவா, அலிகார் நகரங்களில் பல தலைமுறைகளாக வீட்டு முற்றத்திலும் குறுகிய சந்துகளிலும் கட்டி வளர்க்கப்பட்டதால், அடைத்து வளர்ப்பதற்கு இது நன்கு பழகிய இனம். வெள்ளை உடலில் பழுப்புத் திட்டுகள், நிமிர்ந்த சிறு காதுகள், பளிச்சென்ற கண்கள். வளர்ந்த பெட்டை 20 முதல் 25 கிலோ எடைதான் இருக்கும். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை கறக்கும். இரட்டைக் குட்டி சாதாரணம். மதுரா அருகே மக்தூமில் 1979இல் தொடங்கப்பட்ட மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனத்தை நீண்ட காலமாகப் பேணி வருகிறது.

மலபாரி என்றும் பெயர் பெற்ற தலைச்சேரி ஆடு அடுத்தது. கேரளத்தின் வடகரைத் துறைமுகங்களுக்கு அரபு வணிகர்கள் கொண்டுவந்த ஆடுகள் உள்ளூர் ஆடுகளுடன் கலந்து உருவான இனம் இது. பார்பரியைவிட உருவில் பெரியது. ஒன்று முதல் ஒன்றரை லிட்டர்வரை கறக்கும். மழையையும் ஈரக் காற்றையும் சகித்துக்கொள்ளும் குணத்தால் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களுக்கு நன்கு ஒத்துவருகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்திலும் தலைச்சேரி ஆடுகள் வளர்க்கப்படுகின்றன.

புதியவர்களை மயக்குவது ஜமுனாபாரி. யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட சக்கர்நகர்ப் பகுதியின் இந்த ஆடு வளைந்த மூக்கும் தொங்கும் நீளக் காதுமாகக் கம்பீரமாக நிற்கும். இந்தோனேசியாவின் எட்டாவா கலப்பினமும் இங்கிலாந்தின் ஆங்கிலோ நூபியனும் இதன் வழிவந்தவை. இரண்டு லிட்டர்வரை கறக்கக்கூடியது என்றாலும் அது காடு மேய்ந்து வளர்ந்த பெரிய ஆடு. சின்னக் கொட்டிலில் அடைத்தால் நலிந்துவிடும். சந்தையில் ஜமுனாபாரி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி காது மட்டும் நீண்ட கலப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் சானன் மூன்று லிட்டருக்கு மேல் கறக்கும். ஆனால் நம் சமவெளி வெயில் அதற்கு ஆகாது.

சிறிய உருவம் ஒரு குறையன்று. மேற்கு ஆப்பிரிக்கக் குட்டை ஆடு செட்சி ஈ பரப்பும் நோயைத் தாங்கி நிற்பதாலேயே அப்பகுதியில் நிலைத்தது. அதன் வழிவந்த நைஜீரியக் குட்டை ஆடு இன்று அமெரிக்க வீட்டுக் கொல்லைகளில் கொழுப்பு மிகுந்த பாலுக்காக வளர்க்கப்படுகிறது. ஊர் வெயிலையும் ஊர் நோயையும் தாங்கி ஆண்டுதோறும் குட்டி ஈன்று முக்கால் லிட்டர் கறக்கும் ஆடு, இரண்டு லிட்டர் கறந்து ஓராண்டில் சாகும் ஆட்டைவிட மேலானது.

ஆட்டைப் பார்த்து வாங்குதல்

எட்டயபுரம், செஞ்சி, அய்யலூர் ஆட்டுச் சந்தைகள் பெயர்பெற்றவை. அங்கு வருவதில் பெரும்பகுதி அறுப்புக்குப் போகும் ஆடுகள்; பல ஊர்களின் நோய்களும் அங்கே ஒன்றுசேரும். தீபாவளி, பக்ரீத் நெருங்கும் வாரங்களில் விலையும் ஏறும். கறவை ஆட்டை வளர்ப்பவரின் கொட்டிலிலேயே சென்று, தாயையும் உடன்பிறந்த குட்டியையும் பார்த்து, கண்முன் கறக்கச் சொல்லி வாங்குவதே முறை. முந்தைய நாள் மாலையில் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது விற்பவர்களின் பழைய தந்திரம். அதனால் மாலையும் மறுநாள் காலையும் என இரு வேளை கறவையைப் பார்ப்பது நல்லது.

முதல் ஆடு இரண்டாம் ஈத்து ஆடாக இருந்தால் வேலை எளிதாகும். தலைச்சன் ஆடு கறவைக்குப் பழகியிராது. கறப்பவரும் புதியவர் என்றால் இருவருக்கும் சிரமம். வயதைப் பல்லில் காணலாம். ஆட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டுமே உண்டு. எட்டுப் பால் பற்களில் நடு இரண்டும் ஒன்றேகால் வயதை ஒட்டி விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு ஓர் இணை என நாலு வயதுக்குள் எட்டும் நிறையும். இரண்டு பல், நாலு பல் ஆடுகளே வாங்கத்தக்கவை.

மடி, கறந்தபின் துணிப்பை போலச் சுருங்க வேண்டும். கறந்தும் கெட்டியாக நின்றாலோ, உள்ளே கட்டி தட்டுப்பட்டாலோ மடிநோய் வந்துபோன ஆடு என்று கொள்ளலாம். இரு காம்பும் ஒரே அளவில், விரல்கள் பற்றும் நீளத்தில் இருக்க வேண்டும். அடுத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும். உட்புறம் நல்ல சிவப்பாக இருந்தால் ஆடு நலம். வெளிறியிருந்தால் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவில் உருவாகி உலகெங்கும் பயன்படும் ஃபமாச்சா வண்ண அட்டை இந்த இமைச் சோதனையின் அடிப்படையில் அமைந்ததே. வால் அடியில் கழிச்சல் காய்ந்திருத்தல், மூக்குச் சளி, நொண்டல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விலை குறைவு என்று வாங்கக் கூடாது.

ஒற்றை ஆடு வாங்குவது தவறு. வெள்ளாடு கூட்டமாக வாழும் பிராணி. தனியாகக் கட்டினால் ஓயாமல் கத்தும், தீனி குறையும், பாலும் குறையும். இரண்டு பெட்டைகள் குறைந்தபட்சம். கிடாய் தேவையில்லை. இரண்டு பெட்டைக்காக ஆண்டு முழுதும் ஒரு கிடாய்க்குத் தீனி போடுவது வீண். அதன் வீச்சம் பாலிலும் ஏறும். பெட்டை ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வாலை ஆட்டிக்கொண்டு விடாமல் கத்தும் நாளில் நல்ல கிடாய் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால் போதும். சினைக்காலம் 150 நாள்.

கொட்டில்

வெள்ளாடு குளிரையும் வெயிலையும் ஓரளவு தாங்கும். ஈரத் தரையைத் தாங்காது. மூத்திரம் ஊறிய தரையில் குளம்பு அழுகும். இரத்தக் கழிச்சல் உண்டாக்கும் நுண்ணுயிரி ஈரத்தில்தான் தொற்றும் நிலைக்கு முதிரும். அங்கிருந்து எழும் நவச்சார நெடி நுரையீரலைப் புண்ணாக்கிச் சளிக்காய்ச்சலுக்கு வழி திறக்கும். குட்டிச் சாவுகளில் கணிசமான பகுதிக்குக் காரணம் தரையே. கூரைக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியைத் தரைக்கு ஒதுக்குவது புதியவர் செய்யக்கூடிய நல்ல முடிவு.

இதற்குச் சிறந்த தீர்வு பரண். தரையிலிருந்து மூன்று முதல் ஐந்தடி உயரத்தில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த தளம் இது. புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். அடியில் ஆள் குனிந்து புழுக்கையை அள்ளும் உயரம் இருந்தால் வசதி. பனஞ்சட்டம், தைலமரப் பலகை, இப்போது கிடைக்கும் பிளாஸ்டிக் தளம் எதுவும் ஆகும். சட்டங்களுக்கிடையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். அதற்குக் குறைந்தால் புழுக்கை தங்கும். கூடினால் குளம்பு சிக்கிக் கால் முறியும். இளங்குட்டிகள் உள்ள மூலையில் சாக்கை விரித்துத் தினமும் மாற்ற வேண்டும். ஏறும் சாய்தளத்தில் குறுக்குக் கட்டைகள் அடித்தால் சினை ஆடு வழுக்காது. பரண் கட்ட வசதியில்லாதவர் சுற்று நிலத்தைவிட ஒன்றரையடி மேடாக்கி, சரளையும் மணலும் கொட்டி, ஒருபுறம் சரிவாக அமைத்து, நனைந்த மேல்மண்ணை அவ்வப்போது மாற்றலாம். சிமெண்டுத் தரை கழுவ எளிது. ஆனால் குளிர்ந்து ஈரம் காக்கும், முழங்காலில் காயமும் உண்டாகும்.

பெட்டை ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி, குட்டிக்கு 4 முதல் 5 சதுர அடி என்பது கணக்கு. வெளியே உலாவ இதைப் போல் இருமடங்கு அடைப்பு வேண்டும். கொட்டிலின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் பக்கவாட்டில் அறையாது. தென்னங்கீற்று, ஓடு இரண்டும் குளிர்ச்சி. தகரம் போட்டால் மேலே கீற்று வேய வேண்டும். கூரை இறவாரம் இரண்டரை முதல் மூன்றடி வெளியே நீண்டால் சாரல் உள்ளே வராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் சாக்குப் படுதா தொங்கவிடலாம். ஆனால் கூரையை ஒட்டிய மேல் ஓரடியைத் திறந்தே வைக்க வேண்டும். முழுவதும் மூடிய கொட்டில் மழைக்குப் பாதுகாப்பாகத் தோன்றினாலும் நோய்க்கூடமாகும். விடியலில் கொட்டிலுக்குள் ஆட்டின் உயரத்துக்குக் குனிந்து நிற்கும்போது கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது.

தீனி தரையில் போடக் கூடாது. கால்பட்ட தழையை வெள்ளாடு திரும்பிப் பார்க்காது. மீறித் தின்றால் புழுத்தொற்று வரும். தழையைக் கட்டாகத் தலை உயரத்தில் தொங்கவிடுவதும், தவிட்டுத் தொட்டியைத் தலை மட்டும் நுழையும் சட்டத்துக்கு வெளியே வைப்பதும் போதுமானவை. வேலி நான்கு அடிக்குக் குறையாமல் வேண்டும். கம்பி வலையின் கண் கொம்பு மாட்டும் அளவாக இருக்கக் கூடாது. தெருநாய்களே பெரிய எதிரி. இரவில் கதவு தாழிடத்தக்கதாக இருப்பது அவசியம். குட்டிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கும் பழைய வழக்கம் இன்றும் பயனுள்ளது.

தீனி

தழை ஆதாரத்தை உறுதிசெய்யாமல் ஆடு வாங்குபவர் ஆறு மாதத்தில் விற்றுவிடுவார். ஒரு கறவை ஆட்டுக்கு நாளைக்கு மூன்று நான்கு கிலோ பசுந்தழை தேவை. வேலியோரத்தில் அகத்தி, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, பூவரசு, வேம்பு நட்டு வைத்தால் ஓராண்டில் கைகொடுக்கும். யாழ்ப்பாணத்தில் வேலிக் குழை வெட்டி ஆடு வளர்ப்பது இதே வழக்கம். வேலிமசால் சிறிது நிலத்தில் போதும். சூபாபுல் சத்தானது, ஆயினும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அதிலுள்ள மிமோசின் மயிரை உதிர்க்கும். இதோடு கடலைக் கொடி, தவிடும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் கால் கிலோ, கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் மேலும் 400 கிராம், தாது உப்புக் கட்டி, எப்போதும் நல்ல தண்ணீர்.

விழா நாளில் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் ஆட்டுக்குப் போடுவது கொடிய தவறு. இரைப்பையில் அமிலம் பெருகி ஒரே இரவில் ஆடு செத்துப்போகும். அரளி, நெய்வேலிக் காட்டாமணக்கு, உன்னி, மரவள்ளி இலை, வாடிய இளஞ்சோளம் ஆகியவையும் நஞ்சு.

நோய்க் காப்பு

வந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிப் பார்த்துப் பின் சேர்க்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி குட்டிக்கு நான்காம் மாதத்தில் தொடங்கும். ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு காக்கும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன் போட வேண்டும். குடற்புழு மருந்தை எடைக்கேற்பக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுக்க வேண்டும்; அரைகுறை அளவு புழுவுக்கு எதிர்ப்பைக் கற்றுத்தரும். பனி உலர்ந்தபின் மேய்த்தால் புழுத்தொற்று குறையும்.

கறவையும் பாலும்

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். முதல் சில வாரம் பால் முழுவதும் குட்டிக்கே. பிறகு இரவில் குட்டிகளைத் தனியே அடைத்து, விடியலில் வீட்டுக்குக் கறந்துகொண்டு, பகலில் தாயோடு விடலாம். அடுத்த ஈத்துக்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்துவது அவசியம். ஆட்டுப்பாலில் கொழுப்புத் துகள் சிறியது என்பதால் ஏடு மெல்லியதாகவே கட்டும். கரோட்டின் இல்லாததால் பால் தூய வெள்ளை. கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா கிருமி பாலில் வரக்கூடும் என்பதால் பச்சைப்பால் வேண்டாம். நன்கு காய்ச்சியே குடிக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் குறைவாக இருப்பதால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆட்டுப்பாலை மட்டுமே உணவாகத் தரக் கூடாது. தந்தால் இரத்தசோகை வரும்.