நார்வே வாஃபிள்: அடுப்படியின் வரலாறு

நார்வே நாட்டு வாஃபிள் மெல்லியது, மிருதுவானது. ஐந்து இதய வடிவங்களின் முனைகள் நடுவில் ஒன்றுசேர, வட்டமாக வார்க்கப்படுவது. பெல்ஜிய வாஃபிளைப் போலத் தடித்தும் மொறுமொறுப்பாகவும் இருக்காது. ஓர் இதயத்தைப் பிய்த்து, ஜாம் தடவி, மடித்துக் கையாலேயே உண்ணலாம். காலைச் சிற்றுண்டியாக அல்லாமல், பெரும்பாலும் பிற்பகல் காபியோடு பரிமாறப்படுகிறது. இன்று அந்நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் இப்பண்டம், இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் வசதியுள்ளோர் விருந்துகளிலேயே இருந்தது. மாவுக் கலவையில் பெரிய மாற்றம் இல்லை. அடுப்பு மாறியது, கோதுமையின் விலை மாறியது, பிறகு மின்சாரம் வந்தது. இவையே வாஃபிளை எல்லார் வீட்டுக்கும் கொண்டுவந்தன.

இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையில் மாவை அழுத்திச் சுடும் முறை இடைக்கால ஐரோப்பாவில் தோன்றியது. தேவாலயத் திருப்பலிக்கான மெல்லிய அப்பம் சித்திரம் பொறித்த இடுக்கி அச்சுகளில் சுடப்பட்டது. அதே முறையில் தெருக்களிலும் திருவிழாக்களிலும் விற்கும் இனிப்பு அப்பங்கள் உருவாயின. தகடுகளில் ஆழமான கட்டங்களை அமைத்துத் தடித்த பண்டமாகச் சுடும் வழக்கம் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளில் வளர்ந்தது. பீட்டர் புரூகல் 1559-இல் வரைந்த, கேளிக்கைக்கும் நோன்புக்கும் நடக்கும் சண்டையைக் காட்டும் ஓவியத்தில் கட்டம் போட்ட வாஃபிள்கள் தெளிவாகத் தெரிகின்றன. வட ஜெர்மனியோடும் நெதர்லாந்தோடும் மரமும் மீனும் வணிகம் செய்த நார்வேக் கடற்கரை நகரங்களுக்கு இந்த அச்சும் பண்டமும் வந்து சேர்ந்தன.

அன்றைய நார்வே வீடுகளில் சமையல் திறந்த கணப்பில் நடந்தது. அதற்கேற்ப அச்சுகளும் நீண்ட கைப்பிடிகள் கொண்ட இடுக்கிகளாகவே இருந்தன. தகடுகளை நெருப்பில் காய்ச்சி, கொழுப்பு தடவி, மாவை ஊற்றி மூடி, மீண்டும் தணல்மேல் பிடித்துத் திருப்பவேண்டும். அச்சின் எடையும் நெருப்பின் அனலும் சேர்ந்து, ஒரு தட்டு நிறையச் சுடுவதையே பெரிய வேலையாக்கின. இந்த இடுக்கிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரண்டு பண்டங்கள் இன்றும் நார்வேயில் கிறிஸ்துமஸ் பலகாரங்களாக உள்ளன. ஒன்று, சூடாக இருக்கும்போதே கூம்பாகச் சுருட்டப்படும் மெல்லிய குரும்காக்கெ. மற்றொன்று, செவ்வக அச்சில் சுடப்படும் கூரோ.

அச்சு இருந்தாலும் மாவு எளிதில் கிடைக்கவில்லை. நார்வேயின் குளிரில் வாற்கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன. கோதுமை குறைவாகவே விளைந்தது. அன்றாட உணவு கஞ்சியும், அகன்ற தகட்டில் சுட்டு மாதக்கணக்கில் சேமித்துவைக்கும் ஃபிளாட்புரோ என்னும் காய்ந்த ரொட்டியும்தான். தேவையான தானியத்தில் பெரும்பங்கு கப்பலில் வந்தது. 1735 முதல் 1788 வரை தென் நார்வேயில் தானிய விற்பனை டென்மார்க்கின் ஏகபோகமாக இருந்தது. நெப்போலியன் போர்க்காலத்தில், 1807-க்குப் பின், பிரிட்டிஷ் கடற்படை கடல்வழியை அடைத்தபோது, மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுடும் நிலை வந்தது. அத்தகைய நாட்டில் வெள்ளைக் கோதுமை மாவும் சர்க்கரையும் முட்டையும் சேர்ந்த வாஃபிள் விருந்துப் பண்டமாக இருந்ததில் வியப்பில்லை. ஏழை வீடுகளில் வாற்கோதுமை மாவும் மிஞ்சிய கஞ்சியும் கலந்து மாவைப் பெருக்கினார்கள். கஞ்சி சேர்த்த வாஃபிள் இன்றும் வழக்கில் உள்ளது.

தானியத்தில் குறை இருந்தாலும் பாலில் குறை இல்லை. கோடையில் ஆடுமாடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச்சென்று, அங்குள்ள குடில்களிலேயே தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் எடுப்பது நார்வே விவசாயத்தின் பழைய முறை. அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பாலின் மேலேட்டைப் புளிக்கவைத்தால் கிடைக்கும் ரும்மெ என்னும் கெட்டிப் பாலேடு அங்கே தாராளமாக இருந்தது. நார்வே வாஃபிளின் தனிச்சுவை இந்தப் பாலேட்டிலிருந்தோ புளித்த பாலிலிருந்தோ வருவது. கொழுப்பு மிகுந்த பாலேடு வாஃபிளை மிருதுவாக்குகிறது. சமையல் சோடா புழக்கத்துக்கு வந்தபின் பாலேட்டின் புளிப்புக்கும் ஒரு வேலை கிடைத்தது. புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் வாயு உண்டாகி மாவை உப்பச்செய்யும். ஈஸ்டுக்காகக் காத்திருக்கவோ முட்டையை நெடுநேரம் அடிக்கவோ தேவையில்லை.

வாஃபிளில் சேரும் ஏலக்காய் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்டது. கீழை நாடுகளின் நறுமணப் பொருள்களைத் தேடி வந்த ஐரோப்பிய அரசுகளில் டென்மார்க்கும் ஒன்று. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் செய்த உடன்படிக்கையின்படி அது தரங்கம்பாடியில் கோட்டை கட்டியது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அவ்வூர் டேனியர் கையில் இருந்தது. 1814 வரை நார்வே அதே அரசின் கீழ் இருந்ததால் தரங்கம்பாடிக் கப்பல்களில் நார்வே மாலுமிகளும் வந்தார்கள். மிளகு போன்ற சரக்குகளே அந்த வணிகத்தின் நோக்கம். காலப்போக்கில் ஏலக்காய் வட ஐரோப்பிய இனிப்பு ரொட்டிகளுக்கும் கிறிஸ்துமஸ் பலகாரங்களுக்கும் உரிய மணமாக நிலைத்தது. இன்றும் பெரும்பாலான வீடுகளில் வாஃபிள் மாவில் ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி சேர்கிறது.

பெரிய மாற்றம் 19-ஆம் நூற்றாண்டில் அடுப்பில் நேர்ந்தது. நார்வேயின் இரும்பாலைகள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே அறையைச் சூடேற்றும் வார்ப்பிரும்புக் கணப்புகளைச் செய்துவந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமையலுக்கான இரும்பு அடுப்பு வீடுகளில் பரவியது. அதன் மேற்பலகையில் வட்டத் துளைகள் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்களை எடுத்தும் போட்டும் துளையைப் பாத்திரத்துக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். இந்தத் துளைக்குப் பொருந்தும் வாஃபிள் அச்சு வார்ப்பிரும்பில் வந்தது. துளையின்மேல் ஒரு வளையம் உட்காரும். வளையத்தின் மேல் அச்சு தன் அச்சாணியில் சுழலும். ஒருபுறம் வெந்ததும் கைப்பிடியைத் திருகினால் அச்சு அப்படியே புரண்டு மறுபுறம் தீயைப் பார்க்கும். எடையைத் தூக்கிப் பிடிக்கவேண்டிய அவசியம் ஒழிந்தது. ஐந்து இதயங்கள் கொண்ட வட்ட வடிவம் நிலைபெற்றதும் இந்த அச்சுகளின் காலத்தில்தான். ரயிலும் நீராவிக் கப்பலும் வெளிநாட்டுக் கோதுமையை மலிவாக்க, வாஃபிள் விவசாயிகளின் வீடுகளுக்கும் வந்தது.

அச்சுப் புத்தகங்களும் துணைநின்றன. மாரன் பாங் 1831-இல் வெளியிட்ட நூலோடு நார்வேயில் சமையல் நூல்கள் அச்சேறத் தொடங்கின. பாதிரியாரின் மனைவியான ஹன்னா வின்ஸ்னெஸ் 1845-இல் எழுதிய இல்லப் பராமரிப்பு நூல் பல பதிப்புகள் கண்டது. அதுவரை தாயிடமிருந்து மகளுக்குக் கையெழுத்துப் படியாகப் போன குறிப்புகள் பொதுச் சொத்தாயின.

வாஃபிளோடு இன்று பிரிக்கமுடியாத பழுப்புநிறப் பாலாடைக்கட்டியும் அக்காலத்தது. பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் பால்தெளிநீரைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக்குவது பழைய வழக்கம். குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆன் ஹோவ் என்ற இளம்பெண் 1863-இல் அதில் பாலேட்டைச் சேர்த்துக் காய்ச்சினார். கிடைத்த கொழுப்பான, இனிப்பான கட்டி நல்ல விலைக்குப் போய் அப்பகுதி விவசாயிகளுக்கு வருமானம் தந்தது. லில்லஹாமர் நகரத் தச்சர் தூர் பியோர்க்லுண்ட் 1925-இல் காப்புரிமை பெற்ற சீவுகத்தி, அதைத் தாள்போல் சீவிச் சூடான வாஃபிளில் வைக்க வழிசெய்தது.

வீட்டுக்கு வெளியே வாஃபிளைக் கொண்டுசென்றவை சங்கங்கள். 1864-இல் பெர்கன் நகரில் தொடங்கிய மாலுமிகள் தேவாலய அமைப்பு, லெய்த், கார்டிஃப், ஆண்ட்வெர்ப் போன்ற துறைமுகங்களில் நார்வே மாலுமிகளுக்கு இடம் அமைத்தது. வழிபாட்டோடு தாய்நாட்டுச் செய்தித்தாளும் காபியும் வாஃபிளும் அங்கே கிடைத்தன. இன்றும் அந்தத் தேவாலயங்களின் அடையாளம் வாஃபிளே. உள்நாட்டில் பள்ளி இசைக்குழு, விளையாட்டு மன்றம், தேவாலயச் சங்கம் ஆகியவை நிதி திரட்டும்போது, பெற்றோர்கள் வாளி நிறைய மாவு கரைத்துவந்து வாஃபிள் சுட்டு விற்பார்கள். ஊரார் கூலியின்றிக் கூடி உழைக்கும் டுக்னாட் என்ற மரபின் ஒரு பகுதி இது. பொருள்கள் மலிவு, அச்சு எவர் வீட்டிலும் உண்டு, சுடும் மணமே கூட்டத்தை அழைத்துவிடும்.

1940 முதல் 1945 வரை நீடித்த ஜெர்மானிய ஆக்கிரமிப்பு இந்த வழக்கத்தை முடக்கியது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, காபி எல்லாம் பங்கீட்டு அட்டைக்குள் வந்தன. போர் முடிந்த பின்னும் பங்கீடு உடனே நீங்கவில்லை. சர்க்கரைக்கும் காபிக்கும் 1952 வரை தொடர்ந்தது. பிறகு வந்த வளமான ஆண்டுகளில் மின்சார அச்சு வீட்டுக்கு வீடு வாங்கப்பட்டது. அருவிகளிலிருந்து மலிவான மின்சாரம் எடுத்த நாட்டில் அது விரைவாகப் பரவியது. மாவு ஒட்டாத பூச்சு வந்தபின் அச்சுக்குக் கொழுப்பு தடவும் வேலையும் குறைந்தது.

இன்றைய வீட்டுச் செய்முறைக்கு ஒரு பொதுவான அளவு: 300 கிராம் மாவு, 500 மில்லிலிட்டர் புளித்த பால், 4 முட்டை, 100 கிராம் உருக்கிய வெண்ணெய், ஏறக்குறைய அதே அளவு சர்க்கரை, அரை டீஸ்பூன் சோடா, ஒரு டீஸ்பூன் ஏலக்காய்ப் பொடி. கரைத்த மாவை அரைமணி நேரம் ஊறவிடவேண்டும். மாவு நீரை உறிஞ்சிக் கெட்டியாகும். அச்சின் ஓரத்தில் எழும் ஆவி அடங்குவது வெந்ததன் அறிகுறி. சுட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தம் ஆவியிலேயே மிருதுவாகும். நார்வேக்காரர்கள் விரும்புவது அதையே.

வட்டாரத்துக்கு வட்டாரம் வழக்கம் வேறுபடும். தென்கிழக்கே ஊஸ்ட்ஃபோல் பகுதியில் சுட்ட தொத்திறைச்சியை வாஃபிளில் சுற்றி உண்பார்கள். மற்ற இடங்களில் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் பாலேடும், அல்லது பழுப்புப் பாலாடைக்கட்டியும் துணை. மின்சாரம் எட்டாத மலைக்குடில்களில், விறகடுப்பின்மேல் வார்ப்பிரும்பு அச்சில் வாஃபிள் சுடுவது இன்றும் உண்டு.